வரிசையில் எனக்குப் பிறகுதான் மதினி

சாவிலிருந்து தப்பித்தவர்களைச் சாவு தேடி வந்து கொல்லும் படங்கள் என்று ஒரு வகை உண்டு. எங்கள் வேனில் அந்த மாதிரிப் பத்துப் படமாவது பார்த்திருப்பேன். எல்லாவற்றிலும் கதை ஒன்றுதான். ஒருத்திக்கு நடக்கப்போகும் விபத்து முன்கூட்டியே கண்ணில் தெரிகிறது. கூப்பாடு போட்டு நாலைந்து பேரை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறாள். உள்ளே இருந்தவர்கள் சாகிறார்கள். அதோடு விட்டார்களா? தப்பித்தவர்கள் எந்த வரிசையில் செத்திருக்க வேண்டுமோ, அதே வரிசையில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். நாம் பார்த்துப் பயப்பட வேண்டுமாம். எனக்கு எரிச்சல்தான் வரும்.

காரணம் இருக்கிறது. நான் பயராபீசில் வேலை பார்க்கிறவள். பட்டாசுத் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். சாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து சிவகாசிப் பக்கம் இருக்கும் கம்பெனிக்குத் தினமும் வேனில் போகிறோம். போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம். டிரைவர் தலைக்கு மேல் ஒரு சின்ன டிவி இருக்கிறது. அவருடைய மச்சான் ஏற்றிக் கொடுத்த பென்டிரைவில் என்ன இருக்கிறதோ அதுதான் எங்களுக்குப் படம். ஒரு படத்தை முடிக்க ஒன்றரை நாள் ஆகும்.

நாங்கள் நைலான் சேலை கட்டக் கூடாது. கொலுசு, ஊக்கு, செல்போன் எதுவும் கூடாது. ஒரு ரூமுக்கு நாலு பேர்தான். கையில் இரும்பு படக் கூடாது. இத்தனை கட்டுப்பாட்டோடு பகல் முழுக்க வெடிக்குள் மருந்து செலுத்திவிட்டு வந்து அந்தப் படங்களைப் பார்த்தால் எப்படி இருக்கும்? ஒருவன் வீட்டில் வாஷிங் மெஷின் தண்ணீர் தரையெல்லாம் ஓடுகிறது. அவன் வெறுங்காலோடு அதில் நின்றுகொண்டு, தோல் உரிந்த வயரைத் தள்ளிவிட்டு ரொட்டி சுடுகிறான்.

"ஏலே, கால எடுலே!" என்று பின் சீட்டிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"அவன் எடுக்க மாட்டான்க்கா. அவன் விதி அப்படி."

"மெயின் சுவிச்ச அணைக்கத் தெரியாத பயலுக்கு விதி என்ன விதி?"

"நம்ம போர்மேன்கிட்ட அனுப்பணும். கேட்டுக்குள்ளயே விட மாட்டாக. மொதல்ல அந்த மினுமினுப்புச் சட்டையக் கழட்டுன்னு சொல்லுவாக."

"கழட்டிட்டு நின்னா நீ பாப்பியாக்கும்?"

வேனே குலுங்கியது. டிரைவரும் சிரித்து, ஒரு பள்ளத்தில் வண்டியை இறக்கிவிட்டார்.

சிரிக்காத ஒரே ஆள் என் மதினி. என் அண்ணன் பெண்டாட்டி. எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, இடுக்கு வழியாகப் பார்ப்பார். விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வருவார். "இப்பப் போனது மூணாவது ஆளு. அடுத்து அந்தக் குட்டை முடிக்காரி" என்பார். சொன்னபடியே குட்டை முடிக்காரி போய்ச் சேர்வாள்.

போன சீசனில், தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு படகுப் படம் ஓடியது. கல்யாணக் கூட்டம் ஏறிய படகு கவிழப்போவது ஒரு பெண்ணுக்குக் கனவில் தெரிகிறது. மீதிக் கதை நான் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை பாதிப் படத்தில் எங்கள் ஊர் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை வேன் வந்து நின்றபோது மதினி தூக்குச்சட்டி இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மதினி, காய்ச்சலா?"

"நான் வரல. கனவு கண்டேன்."

"என்ன கனவு?"

"தகட்டத் தொட்டுட்டு நம்ம ரூமுக்குள்ள போறேன். ஆனா தொட்டாப்பல இல்ல. திரும்பிப் பாக்கேன், நீங்க மூணு பேரும் வெளிச்சமா இருக்கீக."

தகடு என்றால் ரூம் வாசலில் இருக்கும் செம்புத் தகடு. அதைத் தொட்டால் உடம்பில் தேங்கியிருக்கும் மின்சாரம் கம்பி வழியாகத் தரைக்குப் போய்விடும். தொடாமல் போய் மருந்தில் கை வைத்தால், ஒரு பொறி போதும். அதனால் எல்லோரும் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். தொட்டுக் கண்ணிலும் ஒற்றிக்கொள்வோம். ஒற்றிக்கொள்ளச் சொல்லி எந்தச் சட்டத்திலும் இல்லை. யாரோ ஒருத்தி ஆரம்பித்தாள், எல்லோரும் செய்கிறோம்.

"எல்லாம் இந்த டிரைவரண்ணனால வந்தது. அந்தப் பென்டிரைவக் கண்மாயில போடுங்க" என்றேன்.

அவர் டிவியை அணைத்தார். "கேட் மூடிருவாங்க, ஏறுறீகளா இல்லையா?" என்றார். மதினி ஏறவில்லை.

போர்மேன் அன்றைக்குப் பேக்கிங்கிலிருந்து ஒரு பெண்ணை எங்கள் ரூமில் உட்கார வைத்தார். "புதன்கிழமை வரைக்கும் பாப்பேன். வியாழக்கிழமை வரலைன்னா அந்த இடம் வேற ஆளுக்கு" என்று சொல்லிவிட்டார். சீசன் நேரத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

மதினிக்கு அந்த இடம் போனால் எல்லாம் போய்விடும். அண்ணன் லாரியில் லோடு ஏற்றி முதுகைக் கெடுத்துக்கொண்டு வீட்டில் கிடக்கிறான். அவர்கள் மகள் விருதுநகரில் நர்சிங் படிக்கிறாள். அம்மா வேலைக்குப் போவதால்தான் படிப்பு ஓடுகிறது. "அவ போகலன்னா புள்ள படிச்சது போதும். மாப்ள பாத்துருவோம்" என்று அண்ணன் சொல்லிவிட்டான். அந்தப் பிள்ளை எனக்குப் போன் போட்டு அழுதது. "அத்தை, அம்மாவ எப்படியாச்சும் இழுத்துட்டுப் போங்க."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போய்க் கத்தினேன். படத்தில் பார்த்ததுதான் கனவில் வந்திருக்கிறது என்றேன். பெற்ற பிள்ளையைவிடக் கனவு பெரிதா என்றேன். மதினி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "நீயும் போகாத" என்றார்.

அதில்தான் எனக்கு வெறி வந்தது. புதன்கிழமை காலை வேனை விட்டு இறங்கியதும் மற்றவர்களுக்கு முன்னால் ரூமுக்குப் போனேன். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று என் கண்ணால் பார்த்து, சாயங்காலம் மதினி முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். கதவுகளை இழுத்தேன், இரண்டும் வெளிப்பக்கம் சரியாகத் திறந்தன. ரப்பர் விரிப்பு இருந்தது. வாளியில் மணல் இருந்தது. தகட்டைத் தொட்டேன். எப்போதும் போலச் சில்லென்று இருந்தது. அதிலிருந்து இறங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டே கீழே குனிந்தேன். சுவரோரம், வெட்டிப்போட்ட புல்லுக்குள், கம்பி என் கையோடு வந்துவிட்டது. முனை அறுந்து பளபளவென்று இருந்தது. புல் வெட்டியவன் மண்வெட்டியால் கொத்தியிருக்கிறான்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ஒரு நிமிஷம்தான். அதற்குள் கோபம் வந்துவிட்டது.

"அண்ணாச்சி! இங்கன வாங்க! இது என்னன்னு பாருங்க!"

போர்மேன் ஓடிவந்து பார்த்தார். "மெதுவாப் பேசும்மா" என்றார்.

"மெதுவாவா? செத்த தகட்டத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு இருந்திருக்கோம். எம்புட்டு நாளாவோ? நீங்க மெதுவாப் பேசச் சொல்றீக!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. உடனே எல்லா ரூமையும் பூட்டச் சொன்னார். எலக்ட்ரீசியன் வந்து ஒவ்வொரு வாசலாகப் பார்த்ததில் இன்னொரு ரூமிலும் கம்பி போயிருந்தது. அதுவரை நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, காலை பத்து மணிக்கே மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டோம்.

படத்தில் சாவு வரும்போது காற்று அடிக்கும், விளக்கு மினுக்கும், பின்னால் ஒருவன் வயலினை இழுப்பான். எங்களுக்கு அது மண்வெட்டியோடு வந்து, புல்லை வெட்டிவிட்டு, டீ குடிக்கப் போய்விடுகிறது. வெடித்த பிறகு வந்து விதி என்று சொல்லிவிட்டு மாலை போட்டுவிட்டுப் போகிறார்கள். விதிக்கு என்ன, மறுத்துப் பேச வாயா இருக்கிறது? அந்த வார்த்தையைச் சொல்கிறவனிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கம்பியைப் பார்த்தாயா?

சாயங்காலம் நேரே மதினி வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். கம்பியைச் சரி செய்துவிட்டார்கள், நாளைக்கு வந்தால் இடம் அப்படியே இருக்கிறது, போர்மேனே சொல்லி அனுப்பினார் என்றேன். மதினி வாயில் கை வைத்துக்கொண்டார்.

"சனிக்கிழமை தண்ணி எடுக்கப் போகையில அந்தச் சொவரோரம் காலுல ஒண்ணு மாட்டுச்சு. வேருன்னு நெனச்சு உதறிட்டுப் போயிட்டேன்."

"உங்க காலுக்குத் தெரிஞ்சது தலைக்கு ஏற ஒரு ராத்திரி ஆயிருக்கு. அதான் கனவு. முடிஞ்சுதா? நாளைக்குக் கெளம்புங்க."

"அப்ப நாம தப்பிச்சுட்டோமா?"

"ஆமா."

"நாலு பேருமா?"

"நாலு பேருந்தான்."

மதினி முகம் இன்னும் பயந்துபோனது. "ஐயோ! அப்ப இனிமேத்தான வரிசையா வரும்!"

கட்டிலில் படுத்திருந்த அண்ணன் சிரித்து, முதுகு பிடித்துக்கொள்ள, "ஆத்தே" என்றான். எனக்குத் தலையைச் சுவரில் முட்டலாம் போல இருந்தது. விடிந்தால் வியாழக்கிழமை. விருதுநகரிலிருந்து வந்திருந்த அண்ணன் மகள் வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தி ஒன்றும் ஆகாது என்று தெரிந்துவிட்டது. மதினிக்கு அந்தப் படத்தின் சட்டம்தான் சட்டம். சரி, அதை வைத்தே பேசுவோம் என்று உட்கார்ந்தேன்.

"மதினி, நம்ம ரூமுக்குள்ள தெனமும் மொதல்ல போறது யாரு?"

"நீதான்."

"ரெண்டாவது?"

"நான்."

"படத்துல வரிசை மாறுமா?"

"மாறாது. அதெப்படி மாறும்?"

"அப்ப மொதல்ல நான் சாகணும். அதுக்கப்புறந்தான் உங்களுக்கு. நான் செத்துட்டேனா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "இல்ல."

"அப்ப நாளைக்கு வேலைக்கு வர்றதுல உங்களுக்கு என்ன கஷ்டம்? நான் செத்தன்னைக்கு லீவு போட்டுக்கோங்க."

"அத்தை சொல்றது சரிதாம்மா. வரிசைன்னா வரிசைதான்" என்றாள் மகள், சிரிக்காமல். படிக்கிற பிள்ளை, பிடித்துக்கொண்டது. மதினி விரலை மடக்கி ஒரு முறை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"வாரேன்" என்றார்.

வியாழக்கிழமை வேனில் ஏறினார். கையில் இரண்டு தூக்குச்சட்டி. ஒன்று எனக்கு. உள்ளே சோற்றுக்கு மேல் இரண்டு அவித்த முட்டை. கல்யாணமாகி வந்த இருபத்தைந்து வருடத்தில் மதினி எனக்கு முட்டை அவித்துத் தந்தது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. ரோட்டைத் தாண்டினால் கையைப் பிடிக்கிறார். பிரஷர் மாத்திரை போட்டேனா என்று வேனில் எல்லோர் முன்னாலும் கேட்கிறார். டிரைவர் கொஞ்சம் வேகமாகப் போனால், "யோவ், மெல்லப் போ. அவ முன்னாடி உக்காந்திருக்கா" என்று அதட்டுகிறார். காலையில் நான் தகட்டைத் தொடும் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டே மண் வரைக்கும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் என்னை விடுகிறார். அதை மட்டும் நான் ஒன்றும் சொல்வதில்லை. இப்போது எல்லா ரூம் வாசலிலும் ஒருத்தி குனிந்து பார்க்கிறாள். நேரமாகிறது என்று முதலில் முணுமுணுத்த போர்மேன் இப்போது வாயைத் திறப்பதில்லை.

போன வாரம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஆசையாக ஒரு பருப்பு வடை வாங்கினேன். வாய்க்குக் கொண்டுபோகும்போது மதினி பிடுங்கிவிட்டார்.

"எண்ணெப் பலகாரம் ஒனக்கு ஆகாது."

"குடுங்க மதினி, பசிக்கு."

"எம்மக படிச்சு முடிக்க இன்னும் ஒரு வருசம் கெடக்கு. அதுவரைக்கும் நீ நல்லா இருந்தாகணும். அதுக்கப்புறம் என்னத்தையும் தின்னுட்டுப் போ."

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி சண்டை போட்டேன். மதினி எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, அந்த வடையை ஊதி ஊதித் தின்றார்.