நூற்றுக்கு எத்தனை சுகம்

சுகமாகிவிட்டதா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. கேட்பவர் மேல் இல்லை, பதில் தெரியாத என் மேல். நாற்பத்தொரு வயதில் வலது இடுப்பில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவன் நான். விவசாயப் போதனாசிரியர் என்பது உத்தியோகம். மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் படுவான்கரை வயல்களில் வேலை.

அந்த வேலையில் பாதி குந்தியிருப்பதுதான். வயல் வட்டைக்குள் இறங்கி, வரம்போரம் குந்தி, பயிரின் அடியைக் கையால் தட்டிப் பார்த்தால்தான் கபிலத் தத்திப் பூச்சி விழுந்திருக்கிறதா என்று தெரியும். நின்றுகொண்டு பார்த்தால் வயல் பச்சைப் பசேலென்று இருக்கும், அடுத்த கிழமை கருகிக் கிடக்கும். குந்தும்போதெல்லாம் எனக்குத் தொடையிடுக்கில் சுருக்கென்று குத்தியது. இரண்டு வருடம் அதை வாய்வு என்று சொல்லி உள்ளிக் கசாயம் குடித்தேன். மோட்டார் சைக்கிளில் ஏறக் காலைத் தூக்கிப் போட முடியாமல் போன பிறகுதான் கொழும்புக்குப் போனேன்.

அங்கே டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். இடுப்பு மூட்டு ஒரு கிண்ணமும் பந்தும். பந்தின் கழுத்தில் கொஞ்சம் எலும்பு கூடுதலாக இருக்கிறது. குந்தும்போது அது கிண்ணத்தின் விளிம்பில் இடித்து, அங்கேயுள்ள மெல்லிய வளையத்தைக் கிழித்திருக்கிறது. பெரிதாக வெட்டத் தேவையில்லை, சிறு துளைகளால் கமெராவை விட்டு, எலும்பைச் சுரண்டி, கிழிசலைத் தைத்துவிடலாம் என்றார். நிலையில் முட்டுகிற கதவைத் தச்சன் சீவிவிடுவது போலத்தான். எனக்கு நன்றாக விளங்கியது. அதற்குப் பிறகு நடந்த எதுவும் விளங்கவில்லை.

நான் கொழும்புக்குப் புறப்பட்ட அன்றே என் மனைவி கொக்கட்டிச்சோலை ஈஸ்வரருக்கு நேர்த்தி வைத்துவிட்டாள். என் கால் சுகமாகும்வரை அவள் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை. சுகமானதும் நாங்கள் இருவரும் வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்தே போவது. ஊன்றுகோலோடு வீடு திரும்பிய பிறகுதான் இதை எனக்குச் சொன்னாள். வாவியோரம் பிறந்தவள், இறால் வாங்காத கிழமை அவளுக்குக் கிழமையே இல்லை.

"என்னைக் கேட்டிட்டு வச்சிருக்கலாமே," என்றேன்.

"உங்களைக் கேட்டா வேணாமெண்டுதானே சொல்லுவீங்க?"

"எத்தினை நாளைக்கு?"

"சுகமாகுமட்டும்."

மூன்று மாதம் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் கொழும்பு டாக்டர் காலை மடக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து, எலும்பு அருமையாக இருக்கிறது என்றார். நூற்றுக்கு எத்தனை சுகம் என்று கேட்டார். பாவம், அவ்வளவு மெனக்கெட்ட மனிதர், அவர் முகத்தைப் பார்த்து எப்படிக் குறைத்துச் சொல்வது? தொண்ணூறு என்றேன். சந்தோஷமாகக் கடிதத்தில் எழுதித் தந்தார். அந்தக் கடிதத்தோடு படியிறங்கும்போது கைப்பிடியை விட்டால் விழுந்துவிடுவேன் போல இருந்தது.

அதன் பிறகு ஊரில் எனக்கு வாய்த்த பிசியோ காத்தான்குடிப் பெண். வயதில் என்னைவிடப் பதினைந்து குறைவு, கண்டிப்பில் பதினைந்து கூட. முதல் நாளே என்னை வலது காலில் மட்டும் நிற்கச் சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் போய் நின்றார். என் மனைவியையும் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார்.

"சேர், மற்றப் பக்க இடுப்பு கீழ இறங்குது."

"இல்லையே, நேராத்தானே நிக்கிறன்."

"உங்களுக்குத் தெரியாது சேர். பின்னுக்கு நிண்டு பாக்கிறவங்களுக்குத்தான் தெரியும்."

வலித்த வருடங்களில் எல்லாம் அந்தக் காலை நான் நோகாமல் வைத்து நடந்திருக்கிறேன். இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள் வேலையில்லாமல் மெலிந்து போயிருக்கின்றன. ஸ்கேனில் தசைக்கு நடுவே கொழுப்பும் படிந்திருப்பது தெரிகிறது என்றார். எலும்பைச் சுரண்டினால் முட்டுவது நிற்கும், ஆனால் தசை தானாக வந்துவிடாது. எப்போது சரிவரும் என்று கேட்டேன்.

"சிலருக்குக் கெதியா வரும். சிலருக்கு முழுசா வராமலும் இரிக்கும். இப்பவே ஒண்டும் சொல்லேலா சேர்."

பிறகு ஒரு படிவத்தைத் தந்தார். செங்குத்தான மலையில் ஏறும்போது எவ்வளவு சிரமம்? மட்டக்களப்பில் நான் மலைக்கு எங்கே போவேன்? கல்லடிப் பாலத்து ஏற்றம்தான் எங்களுக்கு மலை. குளியல் தொட்டிக்குள் இறங்கும்போது? வீட்டில் இருப்பது கிணறு. வயலில் குந்தி அரைமணி நேரம் தத்தி பார்க்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் அதே கேள்வி, நூற்றுக்கு எத்தனை. தொண்ணூறு என்றால் திட்டுவார், ஐம்பது என்றால் பயிற்சியைக் கூட்டுவார் என்று பயந்து எழுபது போட்டேன். ஒரு பிரதியை என் கையில் தந்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் பின்னேரம் பாயில் இடது பக்கமாகப் படுத்து வலது காலைத் தூக்கிப் பிடிப்பேன். ஒரு நாள் கால் இலேசாக எழும்பும். மறுநாள் ஒரு காரணமும் இல்லாமல் நெல்மூடை போலக் கிடக்கும். சந்தைக்கு நடந்து போய்வந்தால் ஒன்றும் செய்யாது, வங்கி வரிசையில் பத்து நிமிடம் நின்றால் இடுப்பின் வெளிப்பக்கம் உளைந்தெடுக்கும். பழைய வலி போய்விட்டது, அது உண்மை. இது வேறு இடம், வேறு வலி. அப்படியானால் எனக்குச் சுகமா, இல்லையா? ஈஸ்வரர் எந்த வலியைக் கணக்கில் வைத்திருக்கிறார்? பயிற்சி முடிந்ததும் மனைவி என்னை முற்றத்தில் வாசல்வரை நடக்கவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பாள்.

"இப்ப எப்பிடி?" என்று மட்டும் கேட்பாள்.

"பாதி சுகம். ஐம்பது எண்டு வையன்."

சுகம் என்று சொல்லிவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமையே நடக்கத் தொடங்கவேண்டும். கோயிலுக்குப் போகிற வழியில் மண்முனைப் பாலத்தில் நான் நொண்டிக் கெந்தத் தொடங்கினால் நேர்த்தி பொய்த்துப் போனது என்று உடைந்துவிடுவாள். மோசம் என்று சொன்னாலோ ஊரிலுள்ள கோயில் எல்லாவற்றுக்கும் நேர்த்தி வைத்துவிடுவாள். ஐம்பதுக்குள் ஒளிந்துகொள்வது வசதியாக இருந்தது.

ஆனால் அந்த ஐம்பதை யார் தலையில் கட்டினேன் என்று சோற்றுக் கோப்பைக்கு முன் உட்காரும்போதெல்லாம் உறைத்தது. எனக்கு இறால் குழம்பு வைத்துவிட்டு, அவள் பருப்போடும் கீரையோடும் எழும்பிவிடுவாள். உப்பைக்கூட நான்தான் பார்த்துச் சொல்லவேண்டும். மூன்று மாதம் ஆறாகி, ஆறு பத்தாகியது. அவள் நன்றாக மெலிந்துபோனாள், சட்டைகளைப் பிடித்துத் தைத்துக்கொண்டாள். மச்சம் இல்லாததால்தான் என்று நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. நடந்தது நடக்கட்டும், பொய்யானாலும் சொல்லிவிடுவோம் என்று ஒரு பின்னேரம் முடிவெடுத்தேன்.

முற்றத்தில் நடந்து திரும்பிவந்து, "இனி ஒண்டுமில்ல புள்ள," என்றேன். "சுகம். நூற்றுக்கு நூறு. நாளைக்கு இறால் வாங்கி நீயும் சாப்பிடு. வெள்ளிக்கிழமை நடப்பம்."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. விறுக்கென்று உள்ளே போய், என் வைத்தியக் கோவையோடு வந்தாள். கொழும்புக் கடிதத்தையும் பிசியோவின் படிவத்தையும் எடுத்து என் மடியில் போட்டாள்.

"இதில தொண்ணூறு. இதில எழுபது. எனக்கு ஏழு மாசமா ஐம்பது. நேற்றும் ஐம்பது. இண்டைக்கு நூறு. ஒரு காலுக்கு எத்தினை கணக்கு?"

நான் இரண்டு தாளையும் எடுத்துப் பார்த்தேன்.

"நீங்க நடக்கக்குள்ள இடுப்பு இப்பவும் இறங்குது. நான் தினமும் பாக்கிறன்தானே. தசைக்குள்ள என்னமோ இரிக்கெண்டு அந்தப் புள்ள சொன்னதே, கொழுப்பெண்டு. அது கொழுப்பில்லத்தானே? எனக்கு ஒளிச்சுக் கதைக்கிறீங்க எல்லாரும். புத்துநோய்தானே?"

"ஐயோ, இல்ல புள்ள, வெறும் கொழுப்பு, வெறும் தசை மெலிவு," என்று பதறிக்கொண்டு சொன்னேன்.

"அப்ப ஏன் ஆளுக்கொண்டு சொல்றீங்க?"

"டாக்டருக்கு மரியாதைக்கு, பிசியோவுக்குப் பயத்துக்கு, உனக்கு…" என்று தொடங்கிப் பாதியில் விட்டேன்.

"எனக்குத் தெரியாது," என்றேன். "சுகமா இல்லையா எண்டு எனக்கே தெரியாது. இனி முழுசாச் சுகம் வருமா எண்டும் தெரியாது." இத்தனை மாதத்தில் ஒருவரிடமும் அதை நான் சொல்லியிருக்கவில்லை.

அவள் பாயில் அப்படியே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"முதல் மூண்டு மாசம்தான் நான் காலுக்காக மச்சம் விட்டது. அதுக்குப் பிறகு உங்கட உயிருக்காக," என்றாள்.