சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பூட்டுகிற கதவு

போன மாதம் இந்தப் பக்கத்துக்கு இரண்டு வாரம் லீவு போட்டிருந்தேன். 'உடம்புக்கு என்ன?' என்று கேட்டு நாலைந்து பேர் கார்டு எழுதியிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஊர் சுற்றப் போயிருந்தேன். ஸ்விட்சர்லாந்து, ஜெர்மனி, ஹாலந்து...

கோவில்பட்டிக்காரனுக்கு எதற்கு ஹாலந்து?

என் மனைவி விஜயா நாகலாபுரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஜியாகரபி டீச்சராக இருந்தவர். முப்பது வருஷம் கரும்பலகையில் ரைன் நதியை வரைந்திருக்கிறார். மலையில் புறப்பட்டு, ஏரிக்குள் நுழைந்து, அருவியாக விழுந்து, கடலில் சேர்கிற வரைக்கும் ஒரே இழுப்பு. நடுவில் சாக்பீஸை எடுக்க மாட்டார். ரிடையர் ஆன அன்று, "என்ன வேணும், சொல்லு" என்று கேட்டேன். பட்டுப் புடவை என்பார் என்று நினைத்தேன்.

"அந்த ஆத்தை ஒருக்கா நேர்ல பாத்திரணும்" என்றார்.

பிளான் போடுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். மூன்று மாதம், ஒரு நாற்பது பக்க நோட்டு. மலையில் ரயில். ஜெர்மனியில் காட்டு ஓரத்துக் கிராமங்களுக்கு நாலு நாள் வாடகைக் கார் - விஜயாவுக்கு மூட்டு வலி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏற முடியாது. பிறகு கடல் வரைக்கும் மறுபடி ரயில். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம் இருக்குமாம். அதற்காக என் பழைய காரில் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிப் பழகினேன். எதிர்வீட்டுக்காரர் பார்த்தார். மெதுவாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரயில், கார், தங்குமிடம் எல்லாம் புக் பண்ணியது பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஒரு பிரௌசிங் சென்டரில். நடத்துகிறவர் கனகா. முப்பத்தைந்து வயதிருக்கும். வெளிநாடு போகிறவர்களுக்கு விண்ணப்பம் அடிப்பது, டிக்கெட் போடுவதுதான் பிழைப்பு. அவர் மதுரையைத் தாண்டியதில்லை.

எல்லாம் முடிந்து பிரிண்ட் எடுத்த அன்று நானும் விஜயாவும் போயிருந்தோம். கார் கம்பெனித் தாள் மட்டும் பதினோரு பக்கம். பொடி எழுத்து. நான் கையை நீட்டினேன். கனகா தரவில்லை. ஸ்கேலை வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அதெல்லாம் யாரு படிக்கா? எல்லா ஊர்லயும் இதே கதைதான்."

"ஒரு நிமிசம் அண்ணாச்சி. படிச்சுட்டுத் தாரேன்."

ஒரு நிமிஷம் இருபது நிமிஷமானது. எனக்கு எரிச்சல். ஒன்பதாம் பக்கத்தில் ஸ்கேல் நின்றது.

"அண்ணாச்சி, ஜெர்மனியில காரு எடுக்கிற ஊருக்கு உங்க ரயிலு எப்ப போய்ச் சேருது?"

"சனிக்கிழமை ரெண்டு பத்து."

"சனிக்கிழமை பன்னெண்டு மணியோட கடையப் பூட்டிருவாங்களாம். ஞாயித்துக்கிழமை லீவு. காரு திங்கக்கிழமை காலைலதான்."

நான் நம்பவில்லை. ரெண்டு மணி நேரம்தானே, சொன்னால் யாராவது காத்திருக்க மாட்டார்களா? மெயில் அடிக்கச் சொன்னேன். மறுநாள் பதில் வந்தது. ரொம்ப மரியாதையான பதில். முடியாது.

நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணிக்குள் அங்கே இருக்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமையே மலையை விட்டு இறங்க வேண்டும். வெள்ளிக்கிழமைதான் ரைன் புறப்படுகிற மலைப் பக்கம் போவதாக இருந்தோம்.

"சரி, அதை விட்டுருங்க. அருவியைப் பாத்தாப் போதும்" என்றார் விஜயா.

மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. மூன்று மாதம் நோட்டுப் போட்டவனுக்கு ஒரு கடை எத்தனை மணிக்குப் பூட்டும் என்று பார்க்கத் தெரியவில்லையே.

இரண்டு நாள் கழித்து கனகா போன் பண்ணினார்.

"அண்ணாச்சி, அந்தச் சின்ன ஊர்லதான் காரு எடுக்கணும்னு என்ன இருக்கு? ஜூரிச் ஏர்போர்ட்ல அதே கம்பெனிக்கு ஆபீஸ் இருக்கு. ஏழு நாளும் தொறந்திருக்கு. மலையில இருந்து ரயிலு நேரா அந்தப் பக்கம்தான் வருது. காரை பாசல்ங்கிற ஊர்ல விட்டுட்டு அங்கனயே ரயிலு ஏறிரலாம். கேட்டு எழுதுனேன், சரின்னுட்டாங்க. டீச்சர்ட்ட சொல்லுங்க, மலைக்குப் போகலாம்."

விஷயம் இவ்வளவுதான். எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது.

நன்றி சொல்ல நேரில் போனேன். எல்லாருக்கும் இப்படிப் படிப்பாயா என்று கேட்டேன். ஸ்கேலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார்.

"புதூர்ப் பக்கம் ஒருத்தரு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனாரு. பாஸ்போர்ட்ல ஒரு பேரு, டிக்கெட்ல ஒரு எழுத்து மாறிப்போச்சு. மெட்ராஸ் ஏர்போர்ட்ல நிப்பாட்டிட்டாங்க. ஆட்டை வித்துக் கிளம்புன மனுசன், திரும்பி ஊருக்கு வந்தாரு. அடிச்சது என் கைதான் அண்ணாச்சி. அன்னைல இருந்து கடைசி வரி வரைக்கும் படிக்காம எதையும் கையவிட்டுக் குடுக்கதில்ல."

அந்த மனிதருக்கு மறு டிக்கெட் போட்டு, பிளேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார் என்று போன் வருகிற வரைக்கும் கனகா சரியாகச் சாப்பிடவில்லையாம்.

வெள்ளிக்கிழமை மலையில் இருந்தோம். ஒரு கிராமத்துக்குக் கீழே, கூழாங்கற்களுக்கு நடுவே ரைன் ஓடிக்கொண்டிருந்தது. விஜயா செருப்பைக் கழற்றிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முழங்கால் அளவு தண்ணீர். ஐஸ்.

"இம்புட்டுதானா? நம்ம வைப்பாத்துல தண்ணி வந்தா இதைவிட அகலமா போகுமே" என்றார். "நான் போர்டுல எம்புட்டுத் தடியா இழுத்திருக்கேன்... பிள்ளைகளை ஏமாத்திட்டேன்."

சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் குளிரிலும் அவரைக் கரைக்குக் கூட்டி வர எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் ஜூரிச்சில் காரை எடுத்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வலது பக்கமாக ஓட்டி, எல்லையைத் தாண்டினேன். மூன்றரை மணி இருக்கும். முதலில் போட்ட பிளான்படி நாங்கள் இறங்கியிருக்க வேண்டிய ஊர் வழியில் வந்தது. விஜயா காரை நிறுத்தச் சொன்னார்.

கார் கம்பெனி ஆபீஸ் பூட்டியிருந்தது. தெருவில் ஓர் ஆள் இல்லை. ஒரு கடை திறந்திருக்கவில்லை. தூறல் வேறு. விஜயா வாசற்படியில் போய் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தார்.

"இங்கனதான் உக்காந்திருப்போம். திங்கக்கிழமை வரைக்கும்" என்றார். எழுந்து, அந்தக் கதவை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அருவியும் பார்த்தோம், கடலும் பார்த்தோம். அதையெல்லாம் இன்னொரு நாள் அளக்கலாம்.

ஊருக்குத் திரும்பி போட்டோக்களைக் கழுவி கனகாவிடம் கொண்டுபோனோம். பனி மலை, அருவி எல்லாவற்றையும் மளமளவென்று தள்ளினார். பூட்டிய கதவு வந்ததும் நிறுத்திவிட்டார். கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"பன்னெண்டுன்னுதான் போட்டிருக்கு" என்றார். அந்த ஒரு படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

போன வாரம் விஜயாவைக் கடைக்கு வரச் சொல்லியிருந்தார். நானும் கூடப் போனேன். மேஜை மேல் ஒரு பாஸ்போர்ட் விண்ணப்பம். பெயர் இருக்கிற இடத்தில் - கனகா. எங்கே போகப் போகிறாய் என்று கேட்டேன். "முதல்ல இது வரட்டும் அண்ணாச்சி, பொறவு யோசிப்போம்" என்றவர், தாளை விஜயா பக்கம் தள்ளினார்.

"நீங்க ஒருக்கா படிச்சுச் சொல்லுங்க டீச்சர். நான் அடிச்சதை நானே படிச்சா தப்பு கண்ணுக்குத் தெரியாது."

விஜயா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஸ்கேலை வாங்கி வைத்து, கடைசி வரி வரைக்கும் படித்தார். அப்பா பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.

என்னிடம் யாரும் படிக்கக் கொடுக்கவில்லை. நியாயம்தான்.