கானிலிருந்து மாலே, ஒரு மணி பத்து நிமிடம்

மாலத்தீவின் தெற்கு முனையில் இருக்கும் கான் தீவுக்கும், வடக்கே இருக்கும் மாலே தீவுக்கும் நடுவில் உள்ள ஆகாயத்தை அளந்து கல் நட்டவர் எங்கள் ஆவூர் சந்தனராஜ் சித்தப்பாதான். விமானம் கண்டுபிடித்தவர்களே சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்டிருக்க வேண்டும். இத்தனைக்கும் அவர் ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை. திருச்சி ஏர்போர்ட்டில் சரக்கு வாசலோடு சரி.

பிணம் வைக்கும் ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுவது அவர் தொழில். வெளிநாட்டில் செத்தவர்கள் ஊர் வருவதும் அவர் வண்டியில்தான். எது எங்கே மாறி எத்தனை மணிக்கு இறங்கும் என்று மனப்பாடமாகச் சொல்வார். ஒருநாள் அவரை ஏமாற்றிப் பார்க்க மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆண் குரலில், "ஏர்போர்ட்லருந்து பேசுறோம், கொழும்புலருந்து பெட்டி வருது" என்று போன் போட்டேன்.

"கொழும்பு ஃப்ளைட்டு அப்பவே வந்து போயிருச்சு ஷர்லி. மூக்க விடு, மூச்சு முட்டும்" என்றார்.

அவர் மகன் லியோ கானில் ஏசி மெக்கானிக்காகப் போனதிலிருந்து தினமும் ஒரே பாட்டு. "ஐநூத்தி நாப்பது கிலோமீட்டரு, ஒரு மணி பத்து நிமிசம். நம்ம ஆவுடையார்கோவில் போறதுக்கு இதவிட நேரமாவுது."

லியோ கரண்ட் அடித்துச் செத்து ஆறு நாளாகிவிட்டது. சித்தப்பா நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம்தான் ஆகிறது. லியோவின் உடம்பு ஊர் வந்ததும் டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லலாம் என்று ஊரில் முடிவு செய்தார்கள். அதுவரை சமாளிக்கிற வேலை எனக்கு. பொய் சொல்ல என்னைவிட்டால் ஆள் ஏது? அவன் போன் கடலில் விழுந்துவிட்டது என்று சொல்லி வைத்திருந்தேன்.

இன்று காலை லியோவின் அறைத்தோழன் தமிழ்ச்செல்வன், பெட்டி கானில் ஏறிவிட்டது, ராத்திரி மாலேயில் இருந்து நாளைதான் வரும் என்று போனில் சொன்னான். நேரே போனேன். சித்தப்பா ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, லியோ லீவுல வாரானாம். காலையிலயே கான்ல ஏறிட்டானாம். நாளைக்கு மத்தியானம் திருச்சி."

"காலையில ஏறுனவன் நாளைக்கா வருவான்?"

"மாலே போகவே அஞ்சு மணி நேரமாம். காத்து அதிகமாம். அப்புறம் அங்க ராத்திரி முழுக்க இருக்கணுமாம்."

துணி நின்றது.

"ஒரு மணி பத்து நிமிசம்" என்றார்.

நான் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

"சீட்டுல உக்காந்து வர்றவன் அன்னைக்கே வந்துருவான் பாப்பா. இப்புடி ஒரு ராத்திரி கெடந்து வர்றது பெட்டிதான். நான் எத்தன எறக்கியிருக்கேன்."

"சித்தப்பா..."

"போன் கடல்ல விழுந்துச்சுன்னியே, அன்னைக்கா?"

தலையாட்டினேன். அவர் பெட்டியைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்தார். சொம்பில் தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. பிறகு எழுந்து, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"ஐஸ் பெட்டி குளுர ரெண்டு மணி நேரமாவும். அவன் திருச்சியில எறங்குறது எத்தன மணிக்கு? இதையாவது பொய் சொல்லாம சொல்லு."