சொந்த நாணயம் பற்றிக் கேட்டவர்

விட்பியிலிருந்து ரொறன்ரோவுக்கு ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஸ்ரெலா அக்காவின் மகள் மெலனி அழைத்தாள். "அம்மா போயிட்டா, அன்ரி," என்றாள். அடுத்த தரிப்பில் இறங்கி, திரும்பிப் போகும் ரயிலைப் பிடித்தேன்.

மன்னாரில் பிறந்து, ரொறன்ரோவில் ஒரு வங்கியின் ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தவர் அக்கா. எங்கள் தமிழ் வானொலியில் வாரந்தோறும் பொருளாதாரம் பேசினார். நிகழ்ச்சியை நடத்தியவள் நான்.

ஒருநாள் ஐரோப்பாவிலுள்ள மொன்ரினீக்ரோவைப் பற்றிப் பேசினார். அது தனிநாடு, ஆனால் புழங்குவது யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்னும் உறுப்புரிமை இல்லை. யூரோவைப் பயன்படுத்த உடன்படிக்கையும் இல்லை.

"வட்டியைக் கூட்டுறதும் குறைக்கிறதும் வேற ஆக்கள். அந்த மேசையில இவைக்குக் கதிரை இல்லை. நெருக்கடி வந்தால் சொந்தமா நோட்டு அடிக்கவும் ஏலாது," என்றார். பிறகு கேட்டார்: "எங்களுக்கு ஒரு நாடு கிடைச்சிருந்தால் எந்தக் காசைப் புழங்கியிருப்பம்? ஆராவது யோசிச்சவையோ?"

தொலைபேசி ஓயாமல் அடித்தது. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியிலிருந்து ஒருவர் கத்தினார்: "பிள்ளையளைக் குடுத்த சனத்திட்ட உந்தக் கேள்வியோ? ஆர் உம்மை அனுப்பினது?"

அக்காவின் தம்பி போரில் இறந்தவன். அதை அவர் ஒருபோதும் வானொலியில் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. "அண்ணை, குடுத்தபடியால்தான் கேக்கிறன்," என்றார்.

விளம்பரம் தந்த கடைக்காரர் சிலர் விலகப்போவதாக மிரட்ட, மறுவாரமே வானொலியின் முகாமையாளர் நிகழ்ச்சியை நிறுத்தினார். நானும் வெளியேறினேன். தேவாலயத்தில்கூட அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார ஆட்கள் தயங்கினார்கள். அவர் சொன்னதில் எது பிழை என்று மட்டும் எவரும் சொல்லவில்லை.

வோபர்ன் பகுதியில் நடந்த அக்காவின் இறுதி நிகழ்வில் அதே முகாமையாளர் ஒலிவாங்கியைப் பிடித்து, "எங்கட சமூகத்தின்ர துணிச்சலான குரல்," என்றார். முன்வரிசையிலிருந்து மெலனி எழுந்தாள்.

"அப்ப ஏன் அங்கிள் அம்மாவை நிப்பாட்டினீங்கள்? ஜஸ்ட் ஆன்சர் மீ."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். மற்றவர்களும் பேச வேண்டும் என்று சொல்லி இறங்கிவிட்டார்.

நான் அக்காவைக் கடைசியாகப் பார்த்தது மருத்துவமனையில். அப்போதுதான் பாதர் வந்துபோயிருந்தார்.

"எல்லாரையும் மன்னிக்கச் சொல்லிப்போட்டுப் போறார்," என்றார் அக்கா.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"முதல் அவை வந்து கேக்கட்டும் எண்டனான்."

ஒருவரும் வரவில்லை. அவரை அறிந்தவர்களே, இனி அவரைப் புகழ வாயெடுக்குமுன் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பாதரிடம் அக்கா சொன்ன அந்தப் பதிலை நான் என்னிடம் வைத்திருக்கிறேன். அவருக்குப் பதிலாக மன்னிக்க எனக்கு உரிமையில்லை.