மூன்றரை மணி நேரத்தில் அமெரிக்கா

மூன்றரை மணி நேரத்தில் அமெரிக்கா வந்துவிடும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். டிக்கெட்டில் அப்படித்தானே போட்டிருந்தது? பெங்களூரில் மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பும் விமானம் சான் பிரான்சிஸ்கோவில் அதே நாள் மாலை ஐந்தரைக்கு இறங்குகிறது. கழித்துப் பார்த்தேன். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் திருச்சி போகவே அதைவிட அதிக நேரம் ஆகும்.

இது போன வருஷக் கோடையில் நடந்தது. அமெரிக்காவில் இருக்கும் மகளின் பிரசவத்துக்காக என் மனைவி முதன்முறையாக, அதுவும் தனியாக, விமானம் ஏறினாள். பெங்களூரில் இருக்கும் மைத்துனர்தான் ஏற்றிவிட்டார். நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையில் சூப்பர்வைசர், லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அவள் அமெரிக்காவில் காபி குடித்துக்கொண்டிருப்பாள் என்று தறிகளுக்கு நடுவே நின்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

ஐந்தரை ஆயிற்று. ஆறு ஆயிற்று. போன் வரவில்லை. மகளைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மைத்துனர் அவளை ஏற்றிவிட்டு நேரே வேலைக்குப் போய்விட்டார், அங்கே போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது களைத்துப்போயிருந்தேன். நாள் முழுக்க நின்ற களைப்பு ஒரு பக்கம். விமானம் கடலில் விழுவதை மனசுக்குள் நாலு தடவை பார்த்துவிட்ட களைப்பு மறுபக்கம். அது எந்தக் கடல் என்றுகூட எனக்குத் தெரியாது.

அன்று புதன்கிழமை, எங்கள் சபையில் பெண்கள் ஜெபக்கூட்டம். வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே நுழைந்து, "எங்க வீட்டம்மா ஏறுன பிளேனைக் காணோம்" என்று சொல்லிவிட்டேன். இருபது பெண்கள் முழங்காலில் நின்றார்கள். வழக்கமாகப் பிரசங்கத்தில் தூங்கி மற்றவர்களைச் சிரிக்க வைக்கிற ஆள் நான். அன்றைக்கு எல்லாரையும்விடச் சத்தமாக அழுததும் நான்தான்.

ஆமென் சொன்ன பிறகு, தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண் டிக்கெட்டைக் காட்டச் சொன்னார். என் போனில் இருந்ததைக் காட்டினேன்.

"அண்ணே, இந்த அஞ்சரை அவுக ஊரு மணி. நமக்கு அது நாளைக்குக் காலைல ஆறு மணி. பதினாறு மணி நேரம் பறக்கணும்னு கீழயே போட்டிருக்குல்லா?"

"அப்ப இப்ப அவ எங்கம்மா இருக்கா?"

"வானத்துலதான். பாதி தூரங்கூடப் போயிருக்க மாட்டாக. அங்க இப்பத்தான் விடியுது, ஒங்க மக தூங்கிட்டு இருக்கும்."

பின்னாலிருந்து இன்னொருவர் கேட்டார்: "மூணரை மணி நேரத்துக்குப் பண்ணுன ஜெபம் பதினாறு மணி நேரத்துக்குத் தாங்குமாக்கா?"

சபையே சிரித்தது. நானும் சிரித்தேன், தரையில் உட்கார்ந்தபடியே.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அந்தத் தையல் கடைப் பெண்ணிடம் கேட்டேன். கணவர் சவுதிக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறதாம். கடிகாரத்தைப் பார்த்தாலே நம் மணியோடு அந்த ஊர் மணியும் மனசில் வந்துவிடுமாம். வருத்தமாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

ஒரு சாயங்காலத்துக்கே நான் ஊரைக் கூட்டினேன். அவர் பன்னிரண்டு வருஷமாக யாரையும் முழங்காலில் நிறுத்தவில்லை. அந்த நினைப்பு இப்போதும் வாட்சைப் பார்க்கும்போதெல்லாம் என் வாயைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முதலில் வந்தது அவருடைய போன்தான்: "எறங்கிட்டாகளாண்ணே?"

விமானம் சரியான நேரத்துக்கு இறங்கியிருந்தது. மனைவி ஏழு மணிக்குக் கூப்பிட்டாள். வழியெல்லாம் நன்றாகத் தூங்கினாளாம்.