மைனிக்குச் சொல்லித்தராத பாடம்

ஞாயிற்றுக்கிழமை மாலை வகுப்பு முடியும் வேளையில் மாஸ்டர் கைதட்டுவார். "பொம்பளப் பிள்ளையளு எல்லாரும் போலாம்" என்பார். நாங்கள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்குவோம். மேலே கதவு சாத்தப்படும். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

மார்த்தாண்டத்தில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் அவர் ஜியு-ஜிட்சு வகுப்பு நடத்தினார். அபுதாபியில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டு வந்தது. அண்ணன் சார்ஜாவில் இருந்ததால் அவன் மனைவியான மைனியும் நானும் சேர்ந்தே போய் வருவோம். மைனி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். என்னைவிடப் பலசாலி, என்னைவிடக் கோபக்காரி. இந்த மல்லுக்கட்டில் கீழே கிடப்பவர் தம் கால்களையே வேலியாக வைத்துத் தடுப்பார். மேலே இருப்பவர் அந்தக் கால்களைத் தாண்டிப் போய் அமுக்கிப் பிடிக்க வேண்டும். தாண்டுவதை மாஸ்டர் எங்களுக்கு நன்றாகவே சொல்லித்தந்தார். தாண்டும்போது எதிராளி நம் ஒரு காலைத் தன் இரு கால்களாலும் பின்னிக்கொண்டு குதிகாலை முறுக்க வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும், கதவைச் சாத்திவிட்டு ஆண்களுக்குச் சொல்லித்தந்தார்.

மைனி ஒருநாள் கேட்டாள். ஆண்களோடு வேண்டாம், நாங்கள் இருவரும் எங்களுக்குள்ளேயே பழகிக்கொள்கிறோம் என்றுதான் கேட்டாள். மாஸ்டர் சிரித்தார். "காலுக்குள்ள காலப் போட்டுப் பின்னிக் கிடக்கத நாலு பயலுவ பாத்தா நல்லாவா இருக்கும் மக்களே? ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுகேன்."

நாகர்கோவிலில் நடந்த போட்டிக்கு எங்கள் பெயரைக் கொடுக்க மட்டும் அவருக்குக் கூச்சமில்லை. பெண்களும் பயிலும் இடம் என்று போஸ்டர் அடிக்கலாமே.

அன்று மைனி எதிராளியின் கால்களைப் பாதி தாண்டியிருந்தாள். அந்தத் தூத்துக்குடிப் பெண் சட்டென்று மைனியின் வலது காலைப் பின்னிக் குதிகாலை அக்குளில் இடுக்கினாள். பழகியவள் என்றால் எதிராளியின் கைப்பிடியைப் பிரித்து, குதிகாலை மறைத்து, முழங்காலை அவள் தொடைகளுக்கு வெளியே உருவியிருப்பாள். மைனிக்குத் தெரிந்தது ஒன்றுதான். காலை வெடுக்கென்று இழுத்துத் திரும்பினாள், திரும்பக் கூடாத பக்கமாக. முழங்கால் போன சத்தம் எனக்குக் கேட்டது. அந்தப் பெண் பதறிப் பிடியை விட்டுவிட்டு, மைனியின் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள். அவள்மீது எனக்குக் கோபமே இல்லை.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். "இப்பிடியா இழுக்கது? அப்பவே விட்டுக்குடுத்துத் தரையில தட்டியிருக்கணும்லா."

பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த மைனி அவரைப் பார்த்துக் கேட்டாள்: "இழுக்கப்படாதுன்னு நீங்க எப்பம் சொல்லித் தந்தீங்க?"

அவர் நிமிர்ந்து அப்பால் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை. பொம்பளைகளுக்குப் பொறுமை கிடையாது என்று வகுப்பில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அத்தோடு நாங்கள் அந்தப் படியேறுவதை விட்டோம். அறுவைசிகிச்சை முடிந்து மைனி நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகு, வீட்டு ஹாலில் மெத்தை விரித்து, வீடியோக்களைப் பார்த்து அந்தப் பின்னலிலிருந்து காலை விடுவிப்பதை நாங்களே கற்றுக்கொண்டோம். கற்கக் கற்க எனக்கு ஆத்திரம்தான் ஏறியது. இவ்வளவு லேசான பாடத்துக்காகவா ஒருத்தி முழங்காலைக் கொடுத்தாள்?

போன மாதம் மார்த்தாண்டம் சந்தையில் மாஸ்டர் எதிரே வந்தார். ஒன்றும் நடக்காததுபோல, "முட்டு எப்பிடி இருக்கு மக்களே?" என்று சிரித்தபடி மைனியின் காலைக் காட்டிக் கேட்டார்.

மைனி மீன் பையை என்னிடம் தந்தாள். குனிந்து, சுடிதார் பேண்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டினாள். நீளத் தழும்பு வெயிலில் பளபளத்தது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மைனி சுற்றிப் போய் அவர் முகத்துக்கு நேரே நின்றாள்.

"பாருங்க" என்றாள்.