நாள்காட்டித் தாளில் எழுதிய பாஸ்வேர்டு

எண்பதுகளின் கடைசியில் எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினோம். ஞாயிறு பூசைப் பாடல்களைத் தட்டச்சு செய்ய என் மனைவி ஸ்டெல்லாதான் ஆசைப்பட்டாள். அவள் எதையாவது கெடுத்துவிடுவாள் என்று நான் பாஸ்வேர்டு போட்டு, அவளிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டேன். மறக்காமலிருக்க அன்றைய நாள்காட்டித் தாளில் எழுதினேன்.

மறுநாள் காலை வழக்கம்போல அந்தத் தாளை நானே கிழித்துப் போட்டுவிட்டேன். சாயங்காலம் பாஸ்வேர்டு நினைவுக்கு வரவில்லை.

ஸ்டெல்லா மார்க்கெட் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினாள். பின்பக்கம் தேக்கா மார்க்கெட்டில் வாங்க வேண்டிய மீன், கத்தரிக்காய் என்று அவள் எழுதிய பட்டியல். முன்பக்கம் என் எழுத்து.

"காலையிலேயே பார்த்துட்டியா? ஏன் திறக்கல?"

"நீங்க சொல்லல. அதான் தொடல."

புது பாஸ்வேர்டை அவளையே போடச் சொன்னேன். அது என்னவென்று கேட்கவில்லை. அதன்பிறகு அவள்தான் திறப்பாள். நான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வேன்.